வயதான முட்டைக்கோழிக்கு வயிறு வீங்கியிருக்கிறது. எதுவரை வைத்தியம் பார்ப்பது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வீட்டில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகளோடு, பண்ணையில் கழித்துவிட்டபோது வாங்கிவந்த இரண்டு வெள்ளை லெகார்ன் கோழிகளும் இருக்கின்றன. இரண்டும் மூன்று வயதைக் கடந்தவை. அவற்றுள் ஒன்று சில காலம் ஓடில்லாத தோல்முட்டையாக இட்டுவந்து, பிறகு முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது. இப்போது அதன் அடிவயிறு நீர் நிரப்பிய பைபோல் தொங்குகிறது. கால்களை அகட்டி, உடலை நிமிர்த்தியபடியே நிற்கிறது. கொண்டை வெளிறிச் சுருங்கிவிட்டது. கையில் வைத்துக் கொடுத்தால் கம்பைக் கொத்துகிறதே தவிர, மற்றவற்றோடு மேயப் போவதில்லை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறோம். மற்ற கோழிகள் நலமாகவே உள்ளன. இப்போதே அறுத்துவிடலாம் என்று பக்கத்துத் தோட்டத்தார் சொல்கிறார்கள், என் தாயாருக்கு அதில் சம்மதமில்லை. இது என்ன நோய், இதற்கு மருந்து உண்டா, கோழியைத் துன்பப்படுத்தாமல் எதுவரை வைத்திருக்கலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்)

வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், இது பெரும்பாலும் ஒட்டிப் பரவும் நோயாக இருக்காது. முட்டையிடும் உறுப்புகளிலிருந்து தொடங்கிய கோளாறாகவே இருக்கும். நம் கோழிகளின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகள் இட்டு அடைகாத்துவிடும். லெகார்ன் வழிவந்த பண்ணைக்கோழியோ ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடும்படி தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்டது. கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் இயங்குகிறது. ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒன்றாக அதிலிருந்து விடுபடும் மஞ்சள்கருவை முட்டைக்குழாயின் விரிந்த வாய் ஏந்திக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற அது தவறி, கரு வயிற்றறைக்குள் விழுவது உண்டு. சிறிதளவு என்றால் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். அடிக்கடி விழுந்தாலோ, ஈ. கோலை கிருமி அங்கே சேர்ந்துவிட்டாலோ வயிற்றறை முழுவதும் அழற்சி கண்டு நீர் கோத்துக்கொள்ளும்.

இதே தோற்றத்தைத் தரும் வேறு நோய்களும் உண்டு. முட்டைக்குழாயில் சீழ் பிடித்து அடுக்கடுக்காக இறுகிப்போவது ஒன்று. சினைப்பைப் புற்றுநோய் மற்றொன்று. இரண்டு வயதைத் தாண்டிய முட்டைக்கோழிகளுக்கு இந்தப் புற்றுநோய் தானாகவே வருவது அதிகம். பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்பவர்கள் கோழிகளை வைத்து ஆய்வு செய்வதற்கு அதுவே காரணம். கல்லீரல், இதயக் கோளாறுகளாலும் நீர் கோக்கலாம். ஆகையால் ஊசியால் சிறிது நீரை எடுத்துப் பார்ப்பது முதல் வேலை: கலங்கிய மஞ்சளாக, மஞ்சள்கருவின் துணுக்குகளோடு வந்தால் கரு விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம்; தெளிந்த வைக்கோல் நிறத்தில் வந்தால் மற்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

நீரை ஓரளவு வடித்தால் மூச்சு இலகுவாகும், ஆனால் நோய் போய்விடாது. நீர் மறுபடியும் சேரும். இதை வீட்டில் செய்யவே கூடாது. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. மல்லாக்கப் படுக்கவைத்தால் வயிற்று நீர் மூச்சுக்கான காற்றுப்பைகளை அழுத்தி அந்த இடத்திலேயே மூச்சடைத்துப் போகலாம். முட்டை அடைத்திருக்கிறதோ என்று வயிற்றைப் பிசைவதும் ஆபத்து. முட்டை அடைப்பு திடீரென்று வரும், கோழி விடாமல் முக்கும். உங்கள் கோழிக்கு நாள்பட்ட வீக்கம். நுண்ணுயிர்க்கொல்லியைக் கடையில் கேட்டு வாங்கித் தண்ணீரில் கலந்துவிட வேண்டாம். உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதை 2019இல் மத்திய அரசே தடைசெய்திருக்கிறது. அறுத்துச் சாப்பிடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். வயிற்றறை அழற்சி கண்ட கோழியின் இறைச்சி உணவுக்கு ஆகாது.

பதில் (வீட்டில் கோழி வளர்ப்பவர், பொள்ளாச்சி)

மருத்துவர் ஐயா சொன்னதோடு, பராமரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சகோதரி. பறந்து ஏறும் குச்சியை எடுத்துவிட்டு, தரையில் சாக்கு விரித்து வைக்கோல் போட்டு, தீவனமும் தண்ணீரும் அலகு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். மற்றவை கொத்தாதபடி கம்பிவலையால் பிரியுங்கள், ஆனால் கூட்டத்தின் கண்ணில் படும்படியே வையுங்கள். தனியே அடைபட்ட கோழி தீனி எடுப்பதைக் குறைத்துவிடும். பின்பக்கத்து இறகில் எச்சம் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும், அந்த வேதனை நோயைவிடக் கொடியது. எடை பார்த்து ஏமாற வேண்டாம். வயிற்று நீரால் எடை கூடிக்கொண்டே போகும், நெஞ்செலும்பு மட்டும் கத்தி முனையாகத் துருத்தும். கையால் அதைத் தடவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கூட்டில் இரவு விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள். 14 முதல் 16 மணி நேர வெளிச்சம்தான் கோழியை முட்டைக்குத் தூண்டுவது. இந்தக் கோழிக்கு இனி ஒரு கருவும் இறங்காதிருப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வடித்த நீர் கலங்கிய மஞ்சளாக, மஞ்சள்கருவின் துணுக்குகளோடு வந்தது. இப்போது மூச்சு சீராக இருக்கிறது, தீனியும் கொஞ்சம் எடுக்கிறது. மருந்து எழுதிக் கொடுத்தவர், குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். இனி எந்த நிலையில் போதும் என்று முடிவு செய்வது என்பதுதான் எங்கள் வீட்டில் பேச்சாக இருக்கிறது.

பதில் (கால்நடை மருத்துவர், நாமக்கல் மாவட்டம்)

அம்மா, மூச்சு, தீனி, நடை ஆகிய மூன்றையும் தினமும் பாருங்கள். வெயிலில்லாத நேரத்திலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாய் திறந்து மூச்சு வாங்கினால், கரையானை முன்னே போட்டும் கொத்தாமல் கண்மூடி இருந்தால், எழுந்து தண்ணீருக்குப் போக இயலாவிட்டால், அவற்றுள் இரண்டு சேர்ந்து வந்ததும் காத்திருக்க வேண்டாம். வடித்த நீர் முன்னைவிட விரைவாகச் சேர்வதும் அதே செய்திதான். வலியில்லாமல் முடித்துவைக்கக் கால்நடை மருத்துவர் உதவுவார். அப்படிக் கேட்பதில் குற்ற உணர்வு தேவையில்லை. தானாகவே போகட்டும் என்று விட்டுவைப்பது பல வேளைகளில் கோழிக்கு நீண்ட மூச்சுத்திணறலாக முடிகிறது.

இறந்தபின் பிரேதப் பரிசோதனை செய்ய விரும்பினால், உறைய வைக்காமல் பனிக்கட்டியோடு பையில் கட்டி அன்றைக்கே கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கல்லூரிக்கோ கொண்டுசெல்லுங்கள். புதைப்பதானால் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று கோழிகள் இறந்தால் மட்டும் அது வேறு விஷயம். எதையும் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மற்ற லெகார்ன் கோழியும் அதே வயதுதானே. அதன் அடிவயிற்றை வாரம் ஒருமுறை மென்மையாகத் தொட்டுப் பாருங்கள். அது முட்டையிடுவதை நிறுத்திவிட்டிருந்தால் முட்டைக்கோழித் தீவனத்தைத் தொடர வேண்டாம். அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும், முட்டையிடாத கோழியின் சிறுநீரகத்துக்கு அது பாரம். வளர்பருவத் தீவனத்தைப் பொதுவாகக் கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் சிறுவிடைகள் வேண்டிய அளவு தாமே எடுத்துக்கொள்ளும்.