சூடானால் ஸ்டார்ட் ஆகாத பழைய டிராக்டர்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மூன்று சிலிண்டர் பழைய டீசல் டிராக்டர். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துவிடுகிறது. உழுதுவிட்டு நிறுத்தினால் அவ்வளவுதான், மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, செல்ஃப் மோட்டாரும் நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் சைலன்சரில் துளிப் புகை இல்லை.

டீசல் ஃபில்டர் மாற்றி, லைனில் இருந்த ஏரையும் எடுத்தாயிற்று. இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால், சூட்டில் சும்மா கசிகிறது. ஆறியபின் பீய்ச்சி அடிக்கிறது. இன்ஜெக்டருக்கு டீசலைத் தள்ளும் ரோட்டரி பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் உடனே ஸ்டார்ட்! பம்ப் ஹெட் தேய்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

மெக்கானிக்கோ இன்ஜினையே இறக்கவேண்டும் என்கிறார். (பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போயிருந்தால் காலைக் குளிரில்தானே முரண்டு பிடிக்கும்?)

பம்பின் ஹெட், அதற்குள் சுற்றும் ரோட்டார் மட்டும் மாற்றினால் போதுமா, பம்பை முழுசாகவே பார்க்கவேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.