ஷட்டர் கவுண்ட்: 'திரையோட்டம்' என்று வைக்கலாமா?

வணக்கம். கேமராவில் சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) மீது ஒளி விழ வழி விட்டு மூடும் கதவுதான் ஷட்டர், அது இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கே ஷட்டர் கவுண்ட். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'மூடித்திறப்பு எண்' என்றே வைத்துவிடலாம், பார்த்தவுடன் பொருள் விளங்கும்.

விளங்கும், ஆனால் தப்பாக விளங்கும். காரைக்குடியில் எந்த ஸ்டூடியோவில் போய் மூடி என்று கேட்டாலும் லென்ஸ் மூடியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதோடு மூடித் திறப்பதா, திறந்து மூடுவதா என்று அடுத்த சண்டை வரும். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஷட்டர் சாதாரணமாக மூடித்தான் கிடக்கிறது, படம் எடுக்கும் அந்தக் கணத்தில்தான் திறக்கிறது; கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவிலோ பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது.

கல்லுக்கட்டிப் பக்கம் பழைய கேமரா கைமாறும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" என்று கேட்பவர்களும் உண்டு, ஆனால் பாதிப் பேர் கேட்பது "பாடி எவ்வளவுண்ணே ஓடியிருக்கு?" என்றுதான் (பாடி என்றால் லென்ஸ் இல்லாத கேமரா உடல்). பதிலும் "எண்பதாயிரம் ஓடிருச்சு" என்று அப்படியே வரும். பழைய பைக் வாங்கும்போது மீட்டரைப் பார்த்துக் கேட்கிற அதே கேள்வி. சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, நாம் அதைக் கொஞ்சம் துடைத்து வைத்தால் போதும். அதனால் என் பரிந்துரை: திரையோட்டம்.

திரை ஏன் என்றால், லென்ஸ் மாற்றுகிற பெரும்பாலான கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருப்பது உண்மையிலேயே இரண்டு திரைகள். முதல் திரை ஓடி வழி விடும், பின்திரை ஓடி வந்து மூடும். நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு என்று வேகம் வைத்தால் முதல் திரை முழுதாக ஓடி முடிவதற்குள்ளேயே பின்திரை கிளம்பிவிடும், நடுவில் ஒரு கீற்று மட்டும் சென்சார் மேல் நகரும். ஆக ஓட்டம் என்பது இங்கே அலங்காரச் சொல் இல்லை, நடப்பதே அதுதான். 'இந்த பாடியின் திரையோட்டம் 62,000' என்று எழுதிப் பாருங்கள், 'எண்ணிக்கை' என்ற வால் தேவைப்படவில்லை. தியேட்டரில் படம் ஓடுவது நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். வரட்டுமே, கேமரா விற்பவரிடம் யாரும் நூறாவது நாளா என்று கேட்கப்போவதில்லை.

> 'ஷட்டர் ஆயுள்' போதாதா?

இதைத்தான் பலமாக மறுக்கிறேன். ஓடியது வேறு, கம்பெனி சொல்லும் கணக்கு வேறு. நிக்கான் டி750க்கு 1,50,000, கேனான் 7டி மார்க் 2க்கு 2,00,000, கேனான் 1டி எக்ஸுக்கு 4,00,000 என்று சொல்வது சோதனையை வைத்துச் சொன்ன எண். அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்னாலும் நிற்கும். ஆயுள் என்று எழுதிவிட்டால் ஒன்றரை லட்சத்தில் கேமரா செத்துப்போகும் என்று வாங்குகிறவர் பயந்துவிடுவார், விற்கிறவர் 'இன்னும் அறுபதாயிரம் பாக்கி இருக்கு' என்று பேரம் பேசுவார். அந்த எண்ணுக்கு 'உத்தேச ஓட்டம்' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு குழப்பம், படத்தின் கோப்பு எண். அது நான்கு இலக்கம்தான், 9999க்கு அப்புறம் மறுபடி 0001. சிராவயல் மஞ்சுவிரட்டில் நொடிக்கு 10 படம் என்று 7டி மார்க் 2இல் பொத்தானை அழுத்திப் பிடித்தவருக்கு அந்தச் சுற்று ஒரே நாளில் முடிந்துவிடக்கூடும். கேமராவின் டிஸ்ப்ளேயில் 3412 என்று காட்டி 'புது கேமரா மாதிரி' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் 'படவரிசை எண்' என்று வேறு பெயர் இருந்தால்தான் இந்த ஏமாற்று எடுபடாது. உண்மையான திரையோட்டத்தை நிக்கான் பெரும்பாலும் படக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும், கேனானில் பல மாடல்களுக்கு யூஎஸ்பி வயர் போட்டு மென்பொருளால்தான் படிக்க வேண்டும். கோப்பைக் கேட்டு வாங்கும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், உள்ளே இருக்கும் தகவல் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது 'தேய்மானம்'. ஊரில் பேரேடு பார்த்த கை எல்லாம் இதைக் கணக்குச் சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது தெரியும். இருந்தாலும் கேமரா மொத்தமாக எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சொல் கிடையாது, திரையோட்டத்தை இதற்குள் ஒரு அங்கமாக மட்டும் வைக்க வேண்டும். கானாடுகாத்தான் வீடுகளில் கல்யாண ஜோடியை வைத்து நாள் முழுக்க வீடியோ எடுக்கிற பாடியைப் பாருங்கள்: வீடியோவுக்குத் திரை ஒருமுறை திறந்தால் அப்படியே நிற்கும், ஓட்டம் ஏறாது, சென்சார் மட்டும் மணிக்கணக்கில் சூடேறிக்கொண்டிருக்கும். திரையோட்டம் 15,000 என்று காட்டும். ஆனால் ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளத்தில் கறுப்பு போய் வெள்ளை உலோகம் தெரியும், லென்ஸ் மாட்டும் வளையத்தில் அரைவட்டக் கீறல் இருக்கும், கைப்பிடி ரப்பர் உப்பி விரலில் ஒட்டும், சக்கரத்தை ஒரு சொடுக்கு திருப்பினால் இரண்டு தாவும். கண்ணும் விரலும் சொல்வதை எந்த எண்ணும் சொல்லாது. லென்ஸின் ஒளித்துளையை எஃப்/16 என்று சிறிதாக வைத்து வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், நம் செம்மண் புழுதி சென்சாரில் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புள்ளி புள்ளியாகத் தெரியும்.

புள்ளி என்றால் எல்லாமே வெளித்தூசியும் இல்லை. 2012இல் வந்த நிக்கான் டி600இல் சென்சாரில் புள்ளி விழுகிறது என்று பெரிய புகார் கிளம்பி, 2014இல் கம்பெனியே ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. அப்படி மாற்றிய பாடியில் கேமரா காட்டும் எண் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் திரையின் வயது வேறாகவும் இருக்கலாம். எனவே பதிவில் 'திரை மாற்றியது' என்ற குறிப்புக்கும் இடம் வேண்டும்.

நிக்கான் இசட்9 மாதிரித் திரையே இல்லாத கேமராவுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 2021இல் வந்த அந்த மாடலில் ஓடித் தேய எதுவும் இல்லை, அங்கே வெறும் 'பட எண்ணிக்கை' போதும். திரை இருந்தும் அதை ஓட்டாமல் மின்முறையில் சத்தமில்லாமல் எடுத்த படங்களைத் திரையோட்டத்தில் சேர்க்கக் கூடாது.

சிறிய கேமராக்களின் லென்ஸுக்குள் இதழ் இதழாக விரிந்து மூடும் ஷட்டருக்கு 'இதழ்த்திரை' என்றால் திரையோட்டம் அதற்கும் பொருந்திவிடும், மறுப்பு இருந்தால் எழுதுங்கள். பர்ஸ்ட்டுக்கு, அதாவது பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து படம் எடுப்பதற்கு, 'சரம்' என்று ஒருவர் போட்டிருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, இதில் கலக்க வேண்டாம்.