“சப்பாத்தைப் போடுங்கோ” என்று எத்தனை தரம் சொல்வது? சொல்வழி கேளாத பிள்ளைகளை டொக்டரிடம் காட்டியவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தை அம்மா:

எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் காலை ஆறே முக்காலுக்கு ஒரு சண்டை நடக்கும். நாலாம் மாடியில் நாங்கள் போடுகிற சத்தம் கீழே வாசலில் இருக்கிற செக்கியூரிட்டி ஐயாவுக்குக் கேட்கும், அவர் நிமிர்ந்து பார்ப்பதை நான் பல்கனியிலிருந்து கண்டிருக்கிறேன். எல்லாம் ஒரு சப்பாத்துக்காக. வான்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிடுவார், மகன் ஒரு காலில் சப்பாத்தும் மற்றதைக் கையிலுமாகக் கதவடியில் நின்று “போடமாட்டன்” என்பான். நான் கெஞ்சுவேன், பிறகு கத்துவேன், பிறகு அகப்பைக் காம்பு வரும், பிறகு அவன் எறிவான். ஒருநாள் எறிந்தது மாமியின் சாமித்தட்டில் போய் விழுந்து, விளக்கு சரிந்து எண்ணெய் எல்லாம் ஊற்றுப்பட்டது.

அன்றைக்கே என் கணவர் பள்ளிக்கூடத்துக்குப் போய், “கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்ச இடத்தில அடியுங்கோ மிஸ்” என்று சொல்லிவிட்டு வந்தார். மிஸ் நல்லவர். பள்ளியில் அடிக்கக் கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது, அடித்தாலும் இவனுக்குப் பிரயோசனமில்லை, ஒருக்கா டொக்டரிடம் காட்டுங்கோ என்று அவர்தான் முதலில் வாய் திறந்தார். எங்களுக்கு வந்ததோ கோபம். என்ர பிள்ளைக்கு விசர் என்று சொல்கிறாவா?

அப்போது அவனுக்கு ஆறு வயது. அதற்கு முதல் இரண்டு வருடமும் “குழப்படி”, “செல்லம் கூடிப்போச்சு”, “தகப்பனும் சின்னனில இப்படித்தான்” என்றே போய்விட்டது. நூல் கட்டினோம். கதிர்காமத்துக்கும் போய் வந்தோம்.

முதலில் தனியாரில் ஒருவரைச் சனல் பண்ணினோம். இரவு எட்டரை, எங்கள் நம்பர் முப்பத்து நாலு. காத்திருந்த இடத்தில் தண்ணீர் மெஷினின் பிளாஸ்டிக் கப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நிலத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான், எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். உள்ளே பத்து நிமிடம்கூட இல்லை. நித்திரைக்கு ஒரு பாணி மருந்து எழுதித் தந்தார். மூன்று நாள் கொடுத்தேன், நன்றாக நித்திரை கொண்டான், எழும்பிய பிறகு அதே ஆள்தான்.

அப்புறம் எங்கள் குடும்ப வைத்தியர் கடிதம் தர, அரசாங்கத்தின் சிறுவர் மனநலக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே நடந்தது வேறு கதை. வயிற்றில் இருந்தபோது எப்படி, எப்போது நடந்தான், எப்போது கதைத்தான், நித்திரை எப்படி, காது சரியாகக் கேட்கிறதா என்று ஒன்று விடாமல் கேட்டார்கள். 25 கேள்விப் படிவம் ஒன்று எங்களுக்கு, இன்னொன்று மிஸ்ஸுக்கு. தமிழிலேயே இருந்தது. அவனோடு தனியாகவும் கதைத்தார்கள். இரண்டாம் தரம் போனபோதுதான் பெயரைச் சொன்னார் டொக்டர்: ஒப்போசிஷனல் டெஃபையன்ட் டிஸோடர், சுருக்கமாக ஓ.டி.டி. எதிர்த்துக் கதைக்கிற பிள்ளை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை வைக்க மாட்டார்களாம். அடிக்கடி கோபம் தலைக்கேறுவது, சட்டென்று எரிச்சல்படுவது, பெரியவர்களோடு வாக்குவாதம், வேண்டுமென்றே மற்றவரைச் சீண்டுவது, தன் பிழையை அடுத்தவன் தலையில் போடுவது, வன்மம் வைப்பது என்று எட்டு அறிகுறிகள், அதில் குறைந்தது நாலு அறிகுறி, ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். அதுவும் கூடப்பிறந்ததோடு மட்டும் சண்டை என்றால் கணக்கில்லை. மகனுக்கு ஆறு இருந்தது.

“சரி டொக்டர், என்ன மருந்து?” என்று கேட்டேன். பையில் கொப்பியும் பேனையும் தயாராக வைத்திருந்தேன்.

“இதுக்கெண்டு மருந்து இல்லை. அடுத்த முறை நீங்களும் கணவரும் வாங்கோ, மாமியும் வந்தால் இன்னும் நல்லம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுங்கோ.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். வருத்தக்காரன் அவன், வகுப்புக்குப் போவது நானா? கணவர் “காசு வாங்காமல் பேய்க்காட்டுறாங்கள்” என்று இரண்டு நாள் திட்டினார். பிறகு வந்தார்.

அங்கே இருந்த உளவியலாளர் தமிழ் நன்றாகக் கதைத்தார், அது என் அதிர்ஷ்டம். (மொழி விஷயம் சின்ன விஷயமில்லை, கீழே பாருங்கள்.) நேற்றுக் காலை என்ன நடந்தது, நிமிடக் கணக்கில் சொல்லுங்கோ என்றார். சொன்னேன். ஒரு கடதாசியில் வட்டம் போட்டுக் காட்டினார். அவன் கத்துகிறான், நான் விட்டுக்கொடுக்கிறேன், ஆகவே கத்தினால் நடக்கும் என்று அவன் படிக்கிறான். நான் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறேன், அவன் ஒரு நிமிடம் அடங்குகிறான், ஆகவே கத்தினால் நடக்கும் என்று நானும் படிக்கிறேன். ஒருத்தரை ஒருத்தர் பழக்கி வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் ஜெரால்ட் பற்றர்சன் என்ற உளவியலாளர் எத்தனையோ வருடத்துக்கு முதல் கண்டு எழுதிய விஷயமாம் இது. எனக்கு என் சமையலறையைக் கமரா வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

முதல் கிழமை வேலை: ஒரு மணித்தியாலத்தில் அவனுக்கு எத்தனை கட்டளை போடுகிறேன் என்று எண்ணுவது. பிரிட்ஜில் பேப்பரை ஒட்டிக் கோடு கீறினேன். நாற்பத்து மூன்று!

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த கிழமை பிடிபட்டது. “என்ன சொற்களில் சொல்லுறீங்கள் எண்டு அப்படியே எழுதிக்கொண்டு வாங்கோ” என்றார், எழுதினேன். “சப்பாத்துப் போடுறீங்களா?” “போடுங்கோ ராசா.” “போடுங்கோ எண்டெல்லோ சொன்னனான்.” “போடப் போறியா இல்லையா?” “டேய்! போடடா!” உளவியலாளர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். நாங்கள் பிள்ளைகளை வாங்கோ போங்கோ என்று மரியாதையாகக் கூப்பிட்டு வளர்க்கிறவர்கள். “ங்கோ” இருக்கும் வரைக்கும் அம்மா பகிடிக்குத்தான் சொல்கிறா, இன்னும் நேரம் இருக்கிறது, “டேய்” வந்தால்தான் எழும்ப வேண்டும் என்று என் மகன் கணக்கு வைத்திருக்கிறான். முதல் வரியோ கேள்வி. போடுறீங்களா என்று கேட்டால் இல்லை என்பதும் ஒரு பதில்தானே!

ஆகவே புதுச் சட்டம். பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, “போடுங்கோ” என்று ஒரே தரம் சொல்வது. மனதுக்குள் ஐந்து எண்ணுவது. வாயை மூடிக்கொண்டு நிற்பது, இதுதான் சாகிற வேலை. போட்டால் அந்தக் கணமே பாராட்டு, அதுவும் பொதுவாகக் கெட்டிக்காரன் என்று இல்லை, “சொன்ன உடன சப்பாத்துப் போட்டீங்கள், எனக்கு நல்ல சந்தோசம்” என்று செய்ததைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். செய்யாவிட்டால் அன்றைக்குப் பின்னேரம் டெப் (டெப்லெட்) இல்லை. அன்றைக்கு மட்டும்தான், ஒரு கிழமைக்கு என்று வாயை விடக் கூடாது.

இதோடு தினமும் பத்து நிமிட விளையாட்டு. அவன் சொல்கிறபடி நான் விளையாட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, பிழை பிடிக்கக் கூடாது, அவன் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். “இப்ப சிவப்புக் கட்டையை மேல வைக்கிறீங்கள், ஓ, பாலம் வருது...” ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை சொல்கிற மாதிரி. முதல் நாள் அவன் என்னை விசித்திரமாகப் பார்த்து “அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டான்.

மூன்றாம் கிழமை மோசம். முன்னைவிடக் கத்தினான், என்னைக் கடித்தான், தளும்பு இன்னும் இருக்கிறது. இப்படி ஒருக்கா ஏறித்தான் இறங்கும் என்று அவர்கள் முதலே சொல்லியிருந்தபடியால் தாங்கினோம், சொல்லாமல் விட்டிருந்தால் அன்றோடு கிளினிக்கை விட்டிருப்போம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சண்டை இன்னும் வருகிறது, ஆனால் கிழமைக்கு ஒன்றோ இரண்டோ. அகப்பை கறிக்கு மட்டும்தான்.

கொட்டாஞ்சேனை அப்பா:

அக்கா எழுதியதை வாசித்ததும் மனைவிக்கு அனுப்பினேன், “உங்க கதை மாதிரியே இருக்கு” என்று திருப்பி அனுப்பினாள். உண்மைதான். எங்கள் பையனுக்குப் பத்து வயது. மூன்று மாதம் கிளினிக்குக்கு மனைவி மட்டும்தான் போனாள், நான் கடை, வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவள் போன் இல்லை என்பாள், நான் ராத்திரி ஒன்பதுக்கு வந்து, பாவம் பிள்ளை என்று என் போனைக் கையில் கொடுப்பேன். நல்லவன் பட்டம் எனக்கு, கெட்டபெயர் அவளுக்கு. ஒருநாள் கிளினிக் டொக்டர் எனக்கே கோல் எடுத்து, “நீங்க வரலைன்னா இந்த வைத்தியம் பாதிதான்” என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் பையனுக்குக் கூடவே ஏ.டி.எச்.டி.யும் (கவனக் குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) இருந்தது, நிறையப் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து வருமாம். அதற்கு மெதில்பெனிடேட் கொடுக்கிறார்கள். அது கவனத்துக்கான மாத்திரை, எதிர்த்துப் பேசுவதற்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லித்தான் தந்தார்கள். பசி குறைந்தது, அதனால் மாத்திரைக்கு முன்னாலேயே காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் நிறை, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் ஒட்டி உட்கார முடிகிறதால் மற்றப் பயிற்சியும் கொஞ்சம் ஏறுகிறது.

இன்னொன்று. அதற்கு முன்னால் ஒரு “கவுன்சிலர்” மூளையை ஸ்கேன் பண்ணி ஆறு வாரத்தில் குணப்படுத்துகிறேன் என்று சொல்லி எங்களிடம் ஒரு மாதச் சம்பளத்தை வாங்கினார். கம்ப்யூட்டரில் கலர் கலராகப் படம் காட்டினார். டொக்டர் என்று யாராவது சொன்னால் இலங்கை மருத்துவச் சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள், பதிவு இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரியும். லண்டனில் இருக்கிற தங்கச்சி சொன்னாள், அங்கே நைஸ் என்கிற அரச வழிகாட்டியும் 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சி, அதுவும் குழுவாக என்றால் 10 முதல் 16 அமர்வு என்றுதான் சொல்கிறதாம். ஆறு வாரமும் இல்லை, ஸ்கேனும் இல்லை.

தெமட்டகொடை உம்மா:

என் கதை கொஞ்சம் வேறு. மகளுக்கு ஒன்பது வயது. ஸ்கூலில் கொப்பியைக் கிழிப்பது, டீச்சரிடம் “எழுத மாட்டேன், என்ன செய்வீங்க” என்பது, ஹோம்வேர்க் என்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது. உம்மும்மா ஓதி ஊதின தண்ணி கொடுத்தா. நானும் நெட்டில் வாசித்து ஓ.டி.டி. தான் என்று முடிவே எடுத்துவிட்டேன்.

கிளினிக்கில் கேட்டார்கள், வீட்டில் எப்படி, மதரசாவில் எப்படி, சாச்சி வீட்டில் எப்படி என்று. யோசித்துப் பார்த்தால் அங்கெல்லாம் தங்கமான புள்ள. பிறகு மூன்று மொழியிலும் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். தமிழில் தட்டுத் தடுமாறி வாசித்தாள், சிங்களத்தில் எழுத்தே சரியாகப் பிடிபடவில்லை. நாங்கள் எதிர்காலத்துக்கு நல்லது என்று மூன்றாம் வகுப்பில் சிங்கள மீடியத்துக்கு மாற்றியிருந்தோம்! வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். வாசிப்புக் குறைபாடு என்றார்கள், ஓ.டி.டி. இல்லை. இப்போது தமிழ் மீடியத்துக்கே திரும்பிவிட்டாள், வாசிப்புக்குத் தனியாக உதவி கிடைக்கிறது. கொப்பி கிழிவதில்லை.

பேசுகிறவர்கள் எங்கள் மொழியில் பேசாவிட்டால் இது வெளியே வந்திருக்காது. முதலில் பார்த்தவருக்கு சிங்களமும் இங்கிலீஷும்தான், மகள் அவரிடம் வாயே திறக்கவில்லை, அவர் “பிடிவாதம்” என்று எழுதிவிட்டார். நம்பர் எடுக்கும்போதே தமிழில் பேசுகிற ஆள் எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தெகிவளை தங்கச்சி:

எல்லாருக்கும் நன்றி. என் மகனுக்கு ஐந்து வயது, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அரசாங்கத்தில் எங்கே? மாமியார் டொக்டரிடம் போவதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டா, அடியாத மாடு படியாது என்று தினமும் பாட்டு. நேற்று எனக்கே கை ஓங்கிவிட்டது, பயந்துபோனேன்.

வெள்ளவத்தை அம்மா:

தங்கச்சி, கை ஓங்கினதை எழுதினீங்களே, அதை டொக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கோ. நானும் சொன்னேன், ஒருவரும் ஏசவில்லை.

பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. பம்பலப்பிட்டிக்கு வந்தால் 154 பஸ் பொரளைக்குப் போகும். குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கோ, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் மிஸ் எழுதித் தருகிறதையும் கொண்டுபோங்கோ. சாப்பாடு, தண்ணீர், அவனுக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான் ஒன்று பையில் இருக்கட்டும். தாங்க முடியாத இரவு வந்தால் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், நானே ஒருக்கா எடுத்திருக்கிறேன்.

மாமியை நானும் சண்டை பிடித்து மாற்றவில்லை. மூன்றாவது சந்திப்புக்கு “கூட வந்தால் உதவியாயிருக்கும் மாமி” என்று மட்டும் கேட்டேன், வந்தா, அங்கே ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் பாராட்டுகிற விஷயத்தில் பெரிய பிரச்சினை. பிள்ளையை வாய்விட்டுப் புகழ்ந்தால் கண்ணூறு பட்டுவிடுமாம், நான் ஒவ்வொரு தரம் பாராட்டும்போதும் முகத்தைச் சுளிப்பா. இப்போது அவவே “என்ர ராசா, சொன்ன உடன வந்திட்டீங்கள்” என்று சொல்கிறா, சொன்ன கையோடு செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுகிறா. வீடு முழுக்கத் தும்மல். உளவியலாளரிடம் இது பிழையா என்று கேட்டேன், சிரித்துவிட்டு, அது கிடக்கட்டும், பாராட்டை மட்டும் நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கோ என்றார்.