தம்பிக்கு வந்தது கஞ்சாவாலா, இல்லை ஏற்கெனவே உள்ளே இருந்த நோயா?

நீலக்குடை எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தாலே சண்டையில்தான் முடிகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

தம்பிக்கு 21 வயது. 16 வயதில் நண்பர்களோடு கஞ்சா பழகியிருக்கிறான், கடைசி இரண்டு வருடம் தினமும் இழுத்திருக்கிறான். இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தான், பரீட்சைக்குப் படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் காலையில் பார்த்தால் டிவியில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். ஏன்டா என்று கேட்டேன். "அது வழியாகத்தான் பார்க்கிறார்கள்" என்றான், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அப்புறம் அவன் மனதில் நினைப்பதையே நாங்கள் எல்லாரும் வாய்விட்டுப் பேசுகிறோம் என்றான், சாப்பாட்டைத் தொடவில்லை, நான்காம் நாள் அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டான். மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று வாரத்தில் தெளிந்துவிட்டான். கஞ்சாவால் வந்த மனப்பிறழ்வு, அதாவது சைக்கோசிஸ் என்று சொல்லி ஓலான்சபின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அப்பா "கொழுப்பெடுத்துச் செய்தான், விட்டாச்சு, சரியாகிவிட்டது" என்கிறார். அம்மா "அவனோடு சேர்ந்து இழுத்த பையன்களுக்கு ஏன் வரவில்லை, இவனுக்குள் ஏதோ இருந்திருக்கிறது" என்று அழுகிறார். அம்மாவுக்கு அந்தப் பயம் வரக் காரணம் இருக்கிறது: எங்கள் மாமா ஒருவர் பல வருடம் தனக்குத்தானே பேசிக்கொண்டு இருந்தவர், யாரும் அவருக்கு வைத்தியம் பார்க்கவில்லை. தம்பியோ கஞ்சாவை விட்டுவிட்டான், போன மாதம் சிகரெட்டையும் சேர்த்து விட்டான், "இனிமேல் எனக்கு எதற்கு மாத்திரை" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஒரு மாதமாகப் பதிமூன்று மணி நேரம் தூங்குகிறான், எழுந்தாலும் பிணம் மாதிரி நடக்கிறேன் என்கிறான். அதே மாத்திரை, அதே அளவு, முன்னால் இப்படி இல்லை.

கஞ்சாவால் வந்ததா, நோயா? மாத்திரையை நிறுத்தலாமா?

---

இரவுப்பணி எழுதியது:

மனநலப் பிரிவில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள். உங்கள் தம்பி மாதிரிப் பிள்ளைகள் வராத மாதம் கிடையாது.

முதலில் அவசரமானது. சிகரெட்டை விட்டதற்கும் இந்தத் தூக்கத்துக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடும், ஓலான்சபினை உடைப்பது பெரும்பாலும் அந்த நொதிதான். புகைத்துக்கொண்டிருந்தபோது மாத்திரையில் ஒரு பங்கு சீக்கிரமே கரைந்துபோயிருக்கும். புகை நின்றதும் அதே அளவு மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கஞ்சாப் புகையும் இதையே செய்யும். நிக்கோட்டினால் அல்ல, புகையால் வருவது இது. ஆகவே புகைப்பதை நிறுத்திய தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றட்டும். நீங்களாகப் பாதி உடைத்துக் கொடுக்க வேண்டாம். இதை மறந்துபோய், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று மொத்தமாக நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கஞ்சாவா நோயா என்பதற்கு, இன்றைக்கு உங்கள் தம்பியை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது அம்மா. தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்ததாகச் சொன்னவர்களுக்கு மனச்சிதைவு, அதாவது மனப்பிறழ்வு வந்துபோவதோடு நிற்காமல் நீடிக்கும் ஸ்கிசோஃப்ரினியா நோய் வந்தது, எடுக்காதவர்களைப்போல ஆறு மடங்கு. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் பார்த்ததில், தினமும் எடுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு, வீரியம் கூடிய சரக்கைத் தினமும் எடுத்தால் ஐந்து மடங்குக்குப் பக்கம். வீரியம் என்பது கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளின் அளவு. நம் மூளையே அதைப்போல ஒரு பொருளைத் தேவைப்படும் இடத்தில் துளியாகச் சுரந்து உடனே அழித்துவிடும். 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். டி.எச்.சி. அப்படித் துளியாக வருவதில்லை, மூளை முழுக்க ஒரேயடியாகப் பரவும், சீக்கிரம் போகவும் போகாது. 16 வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

பயப்படாதீர்கள், இழுப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. மனச்சிதைவு நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருவது, மடங்கு என்பது அந்த ஒன்றின் மேல்தான். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் கணக்கு மாறும். மாமாவைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா?

---

காகிதக்கப்பல் எழுதியது:

நான் பத்து வருடமாக எடுக்கிறேன், வேலைக்குப் போகிறேன், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் தம்பிக்கு நடந்ததை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் கஞ்சா தலையில் போடுவது சரியில்லை. நோய் உள்ளே ஆரம்பிக்கும்போது தூக்கம் போகும், மனசு படபடக்கும், அதை அடக்கத்தான் பலர் கஞ்சாவைத் தேடுகிறார்கள். முன்னால் வந்தது நோய், பின்னால் வந்தது கஞ்சா. அதோடு இதிலேயே சி.பி.டி. என்று ஒன்று இருக்கிறது, அதை மனநோய்க்கு மருந்தாகவே சோதிக்கிறார்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, அதை மறைக்க மாட்டேன். மனச்சிதைவுக்கான மரபணுச் சாய்வு உள்ளவர்கள் கஞ்சா பக்கம் போவதும் அதிகம் என்று மரபணு ஆய்வுகளே காட்டுகின்றன. ஆனால் பாதை ஒருவழி அல்ல. நியூசிலாந்தில் ஒரே ஊரில் பிறந்த பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தார்கள். 15 வயதிலேயே கஞ்சா எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு 26 வயதில் மனச்சிதைவு வகை நோய் இருந்தது, எடுக்காதவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு. 11 வயதிலேயே அறிகுறி இருந்ததா என்பதைக் கழித்துப் பார்த்தும் தொடர்பு முழுதாக மறையவில்லை. 2004இல் அமெரிக்காவில் மனநோய் ஏதும் இல்லாதவர்களுக்கு டி.எச்.சி.யை நரம்பில் ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு அவர்களுக்கே சந்தேகமும் புலன் குழப்பமும் வந்து போயின. சி.பி.டி. சோதனையில் இருப்பது உண்மைதான், ஆனால் அது தனியாகப் பிரித்து அளந்து கொடுப்பது. அவர் தம்பி இழுத்தது அது அல்ல.

உங்களுக்குப் பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்லது. ஒருமுறை மனப்பிறழ்வு வந்துபோன ஒருவன் இந்தத் திரியைப் படித்துக்கொண்டிருக்கலாம், அவனுக்கு உங்கள் அனுபவம் பொருந்தாது.

---

திரும்பி_வந்தவன் எழுதியது:

நீலக்குடை அக்கா, அந்தப் பிளாஸ்திரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் என்னால் எதுவும் எழுத முடியவில்லை. எனக்கு வண்டி நம்பர். தெருவில் போகிற வண்டியின் நான்கு எண்ணையும் கூட்டுவேன், ஒன்பது வந்தால் எனக்கான தகவல். ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பைத்தியம், எனக்கு அப்போது வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. மாத்திரை போட்டுத் தெளிந்த பிறகு அந்தப் புரிதல் போனதே, அதுதான் பெரிய வெறுமை. தம்பி பிணம் மாதிரி இருக்கிறேன் என்று சொல்வதில் மருந்து கொஞ்சம் இருக்கும், இந்த வெறுமையும் கொஞ்சம் இருக்கும். அவனிடம் அதைக் கேளுங்கள்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கஞ்சாவை விட்டேன், ஆறு மாதம் நன்றாக இருந்தேன், யாரிடமும் கேட்காமல் மாத்திரையையும் விட்டேன். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு மாதம்தான் ஏமாற்றியது, பார்த்தீர்களா தேவையே இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்புறம் ஒரு நண்பன் வீட்டில் இரண்டே இழுப்பு. ஒரு வாரத்தில் மறுபடி நோட்டை எடுத்துவிட்டேன். இரண்டாவது தடவை தெளிய மூன்று வாரம் போதவில்லை, ஏழு மாதம் ஆனது. இப்போது கஞ்சா இல்லாமல் நான்கு வருடம். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குறைத்தார்.

விட்ட முதல் இரண்டு வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள் எல்லாம் இருக்கும். அதை நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் பயந்தார்கள், நானும்தான். உங்கள் தம்பி அதைத் தாண்டிவிட்டான். அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், கொழுப்பு என்ற வார்த்தையை விடச் சொல்லுங்கள். என் அப்பா அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் நண்பன் வீட்டுக்குத்தான் போனேன்.

இன்னொன்று, அவன் தெளிவாக இருக்கும்போதே அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், முதலில் என்ன மாறியது, அடுத்து என்ன என்று. எனக்கு முதலில் போவது தூக்கம்.

---

சங்குப்பூ எழுதியது:

தங்கச்சி, என் மகனுக்கும் இப்படித்தான் கஞ்சாவால் வந்தது என்று எழுதி அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து மனச்சிதைவு என்றார்கள். கஞ்சாவைத் தொட்டு வருடக்கணக்காகிறது, நோய் போகவில்லை. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நான் அந்த முதல் வருடம் முழுக்க யார் குற்றம் என்று தேடிக்கொண்டிருந்தேன், டாக்டரைப் பார்க்கும் தேதிகளைத் தவறவிட்டேன். இன்றைக்கு அவன் அரை நாள் வேலைக்குப் போகிறான், நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோம். அந்த முதல் வருடம் மட்டும் திரும்பக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று இப்பவும் நினைப்பேன்.

---

இரவுப்பணி எழுதியது:

சங்குப்பூ அம்மா சொல்வது அரிதான கதை அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கஞ்சாவால் வந்த மனப்பிறழ்வு என்று சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிறகு மனச்சிதைவு என்று தெரியவந்திருக்கிறது. மூன்றில் இருவருக்கு அப்படி ஆகவில்லை. தம்பி எந்தப் பக்கம் என்பதைக் காலம்தான் காட்டும், அதுவரை மாத்திரையும் டாக்டர் தேதியும் விடாமல் இருக்க வேண்டும். ஒருமுறை வந்த பிறகும் கஞ்சாவைத் தொடர்பவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வருவது அதிகம். விட்டவர்களுக்கு, எப்போதுமே எடுக்காதவர்களின் அளவுக்குக் குறைகிறது. உங்கள் தம்பி அந்த வேலையைத் தானாகவே செய்து முடித்திருக்கிறான், வீட்டில் யாராவது அதை அவனிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா?

---

நீலக்குடை எழுதியது:

இல்லை. யாரும் சொல்லவில்லை. நேற்று நான் சொன்னேன், ஒன்றும் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் எழுந்து போகவில்லை.

டாக்டரிடம் போனில் சிகரெட் விஷயத்தைச் சொன்னோம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், அளவைப் பார்க்கலாம் என்றார். மாமாவைப் பற்றி அம்மா முதல் தடவையாக வாய் திறந்து சொன்னார். அப்பா இன்னும் அப்படியேதான் இருக்கிறார், அவரிடம் இந்தத் திரியையே படிக்கக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

திரும்பி_வந்தவன், அந்தத் தாளை ஆரம்பித்தோம். நான் முதலில் "தூக்கம் குறையும்" என்று எழுதினேன். அவன் பேனாவை வாங்கி அதற்கு மேலே எழுதினான்: "அக்கா குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்." தூக்கம் போவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே அப்படி இருந்ததாம். திங்கட்கிழமை அந்தத் தாளையும் எடுத்துப் போகிறோம்.