மகனுடன் வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா?

வெள்ளவத்தை அம்மா:
என் மகனுக்கு நான்கு வயது. ஓட்டிசம் என்று சென்ற வருடம் உறுதிப்படுத்தினார்கள். "தா", "வா", "வேண்டாம்" என்று ஒருசில சொற்கள்தான் வருகின்றன. பேச்சுப் பயிற்சி தருபவருக்குத் தமிழ் தெரியாது. "இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்புவான், வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்கிறார். கணவரும் சரி என்கிறார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் அவனோடு இருப்பவர் என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் வராது. முன்பெல்லாம் பால்கனியில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது ஓயாமல் கதை சொல்வார். இப்போது பிள்ளையைக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து வாயே திறப்பதில்லை. எனக்கு மனம் தாங்கவில்லை. என்ன செய்வது?

தெகிவளை அக்கா:
தங்கச்சி, அம்மாவை இன்றைக்கே பேசச் சொல்லுங்கள். என் மகளுக்கு டவுன் சின்ட்ரோம், இப்போது ஒன்பது வயது. எங்களுக்கும் ஓரிடத்தில் இதையேதான் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அவள் தமிழிலும் சண்டை பிடிப்பாள், ஆங்கிலத்திலும் பிடிப்பாள்.

இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் வருவதும் இல்லை, பேச்சு மேலும் பிந்துவதும் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கனடா ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிப் பிள்ளைகளின் ஆங்கிலம் ஒருமொழிப் பிள்ளைகளுடையதைவிடப் பின்தங்கியிருக்கவில்லை. ஓட்டிசம் பற்றிப் பின்னர் வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

பயிற்சி அறையில் அவன் இருப்பது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் அம்மம்மாவோடுதானே? அவர் பேசாவிட்டால் பிள்ளை யாரிடம் பேச்சுக் கேட்பான்? நீளமாகக் கதை சொல்வதோடு, அவன் எதைப் பார்க்கிறானோ அதையே பார்த்து ஒன்றிரண்டு சொற்களும் சொல்லட்டும். "ரயில். ரயில் வருகிறது." பிறகு பத்து விநாடி பொறுத்திருக்க வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று நெருக்கக்கூடாது. அவன் திரும்பிப் பார்த்தாலும் விரலை நீட்டினாலும் அதுவும் பதில்தான்.

காது கேட்கும் பரிசோதனை செய்துவிட்டீர்களா? பேச்சுப் பிந்தும் எந்தப் பிள்ளைக்கும் அது அவசியம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் தமிழ் பேசும் பயிற்சியாளர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

கொட்டாஞ்சேனை அப்பா:
அக்கா சொல்வது முழுக்கச் சரி. என் மகன் இன்னும் பேசுவதில்லை, வேண்டியதைப் பட அட்டைகளைக் காட்டித்தான் கேட்கிறான். தண்ணீர், பாண், ஊஞ்சல் என்று வீட்டுப் பொருட்களையே படம் எடுத்து ஒட்டினோம். படம் காட்டினால் பேச்சு வராது என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். கேட்டது கிடைக்கத் தொடங்கிய பிறகு அவன் அழுகை எவ்வளவோ குறைந்தது.

வெள்ளவத்தை அம்மா:
இருவருக்கும் நன்றி. காது பரிசோதனை முடிந்தது, குறை இல்லை. பயிற்சியாளர் நல்லவர், அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

தெகிவளை அக்கா:
விட்டுவிடாதீர்கள், அவரும் வேண்டும். மகன் சொல்லும் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளையும் எழுதிக் கொடுங்கள். பயிற்சி அறையில் அவன் "தா" என்றால் அவருக்கும் விளங்க வேண்டுமே. இந்த வாரம் எதைப் பழக்குகிறார் என்று கேட்டுக்கொண்டு வந்து, அதையே அம்மம்மா தமிழில் செய்யட்டும்.