புதுப்பிப்பு: வட்டத் தறித் தொப்பியின் ஓரம் இப்போது சுருளவில்லை

நுவரெலியா குளிருக்கு மகனுக்காக வட்டத் தறியில் (சுற்றிலும் முளைகள் உள்ள வளையம், முளைகளில் நூலைச் சுற்றிக் கொக்கியால் பின்னுவது) பின்னிய தொப்பியின் கீழ் ஓரம் மேல்நோக்கிச் சுருள்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் செய்து பார்த்தது ஆவி அயன். என்னுடையது அக்ரிலிக் என்ற செயற்கை வூல். கொஞ்சம் படிந்தது, ஒருமுறை போட்டுக் கழற்றியதும் பழையபடி சுருண்டது. அயனை நூலின் மேல் அழுத்திவிடாதீர்கள், சூட்டில் நெகிழ்வே போய்விடும்.

நேர் (knit), எதிர் (purl) என்று கண்ணிகளை மாற்றிமாற்றிப் பின்னும் யோசனையும் சரியானதுதான். ஆனால் எதிர்ப் பின்னலுக்கு நூலை, முளையில் இருக்கும் கண்ணிக்குக் (நூல் வளையத்துக்குக்) கீழே வைத்து இழுத்தெடுக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை!

கைகொடுத்தது, பதில் எழுதிய பண்டாரவளை அக்கா சொன்ன இரட்டை ஓரம். வேண்டிய ஓரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் பின்னுங்கள். அப்புறம் தொடக்க வரிசைக் கண்ணிகளைத் தறியின் உள்பக்கமாக மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் அதற்கு நேரான முளையில் மாட்டுங்கள். எல்லாம் மாட்டியபின், கீழே இருக்கும் கண்ணியைக் கொக்கியால் மேல் கண்ணிக்கு மேலாகத் தூக்கிவிட்டால் ஓரம் மடிந்து பூட்டிக்கொள்ளும். ஒரு முளை தள்ளி மாட்டினாலும் முறுக்கிவிடும், கவனம்.

எதிர்பாராத விஷயம், மடிப்பில் தொப்பி உயரம் குறைந்துவிடுகிறது. அதற்கும் சேர்த்துப் பின்னுங்கள். மடிப்பதற்கு முந்தைய வரிசையைத் தளர்வாகச் சுற்றாவிட்டால் கொக்கி நுழையவே நுழையாது. காது மறையும் இடம் இரண்டு மடிப்பாக இருப்பதால் சூடும் அதிகம், மகன் கழற்ற மாட்டேன் என்கிறான்.