புகைக்குழாய் இல்லாத காரும் எண்ணூர்ச் சாம்பலும்

ஓஎம்ஆர்_ரகு:
சென்னையில் காரைக் குறைக்க வேண்டும், பஸ் ஏறு, ரயில் ஏறு, சைக்கிள் மிதி என்று இந்த இணைய மன்றத்தில் ஆளாளுக்கு உபதேசம். நான் பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கியாயிற்று. புகைக்குழாயே கிடையாது. என் வண்டியால் வரும் மாசு பூஜ்யம். சென்னையில் ஓடுகிற எல்லாக் காரும் இப்படி மாறிவிட்டால் கதை முடிந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டம் என்று 118.9 கிலோமீட்டருக்குத் தோண்டி, ராஜீவ் காந்தி சாலையை இத்தனை வருஷமாகக் குதறி வைத்திருக்க வேண்டியதே இல்லை.

கொசஸ்தலை:
பூஜ்யமா? ரகு சார், ஒரே ஒரு கேள்வி. வண்டிக்கு எத்தனை மணிக்குச் சார்ஜ் போடுகிறீர்கள்?

ஓஎம்ஆர்_ரகு:
ராத்திரி 11 மணிக்குச் சொருகினால் காலையில் ரெடி. ஏன்?

கொசஸ்தலை:
ராத்திரி 11 மணிக்கு உங்கள் படூரில் வெயில் அடிக்கிறதா சார்? அடிக்காது இல்லையா? அப்போ அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

நானே சொல்கிறேன். எங்கள் எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் வந்து பாருங்கள். ஒரே வட்டாரத்தில் 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி மின்சாரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில்கூட இன்னொரு 800 மெகாவாட்டைத் திறந்தார்கள். ஒடிசாவிலிருந்து கப்பலில் வருகிற கரி எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி இங்கேயே எரிகிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. அந்தச் சேற்றில் இறங்கித்தான் இன்னும் சிலர் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கத்திவாக்கத்தில் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டுச் சாயங்காலம் எடுத்து உதறுங்கள், விரலில் ஒட்டுவது என்னவென்று தெரியும்.

உங்கள் காருக்குப் புகைக்குழாய் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. எங்கள் ஊரில் இருக்கிறது.

பல்லவன்_பிரியன்:
சபாஷ் கொசஸ்தலை. ரகு, கரண்டை விடுங்கள். மின்சாரக் கார் என்று பச்சை நம்பர் பிளேட் மாட்டினால் கார் சுருங்கிவிடுமா? சோழிங்கநல்லூர் சிக்னலில் பெட்ரோல் கார் அடைக்கிற அதே இடத்தைத்தான் உங்கள் காரும் அடைக்கிறது. உள்ளே ஒரே ஆள். பின்னால் ஒரு பஸ்ஸில் அறுபது பேர் வியர்வையில் நின்றுகொண்டு உங்கள் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோ தூண்கள்மேல் வருகிறது. சுரங்கம் கிடையாது. "தோண்டி" என்பது தவறு.

இரண்டு, கொசஸ்தலை சொல்வது பாதிதான். தமிழ்நாட்டு கிரிட், அதாவது மின் வலையமைப்பு, என்றால் அத்திப்பட்டு மட்டுமா? காற்றாலை மட்டுமே 11,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம். கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரமாக இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. எந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று பிளக் பாயிண்டில் பிரித்துப் பார்க்க முடியாது. மேலும், பெட்ரோல் என்ஜினில் எரிபொருளின் சக்தியில் சுமார் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மின் மோட்டாரில் முக்கால்வாசிக்கும் மேல் போகிறது. ஆக, கிரிட்டில் நிலக்கரி கலந்திருந்தாலும் மொத்தக் கணக்கில் மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிடத் தேவலை.

ஓஎம்ஆர்_ரகு:
நன்றி கணக்குப்பிள்ளை. படித்தவர் ஒருவராவது இருக்கிறாரே.

கொசஸ்தலை:
"தேவலை" என்றார் அவர். "பூஜ்யம்" என்றீர்கள் நீங்கள். இரண்டும் ஒன்றா? படித்தவர்களே பதில் சொல்லுங்கள். ராத்திரி 11 மணிக்கு வெயில் எங்கே?

ஓஎம்ஆர்_ரகு:
என் வீட்டுக் கூரையில் சோலார் இருக்கிறது. பகலில் அது தயாரிக்கிற கரண்ட் கிரிட்டுக்குப் போகிறது, ராத்திரி நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். நெட் மீட்டரிங் என்று பெயர். கொஞ்சம் விசாரித்துவிட்டு வந்து பேசலாமே.

கொசஸ்தலை:
விசாரித்தேன் சார். பில்லில் கழியும். நுரையீரலில் கழியுமா? பகலில் நீங்கள் அனுப்பிய கரண்டை உங்கள் பக்கத்து வீட்டு ஏசி தின்றுவிட்டது. ராத்திரி உங்களுக்கு வருவது கொதிகலனில் அப்போது எரிகிற கரியிலிருந்து வருவது. பேங்கில் போட்ட அதே நோட்டா திரும்பக் கைக்கு வருகிறது?

கணக்குப்பிள்ளை:
ஆடி மாதத்தில் ராத்திரியிலும் காற்றாலை நன்றாகச் சுற்றும். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை சீசன்.

கொசஸ்தலை:
சரி, ஆடியில் காற்று. ஐப்பசியில்? மாசியில்? ரகு சார் ஆடி மாதம் மட்டும்தான் கார் ஓட்டுகிறாரா? நல்ல மனிதர், மீதி மாதங்களில் வீட்டிலேயே இருந்துவிடுவார் போல.

தேன்மொழி_அம்பத்தூர்:
இவ்வளவு நேரமாகக் கார் வைத்திருப்பவர்களும் காரைத் திட்டுபவர்களும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். காரே இல்லாதவர்கள்தானே இந்த ஊரில் அதிகம்? நான் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போவது பிங்க் பஸ்ஸில். 2021 மே மாதத்திலிருந்து இந்தச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவுக்குப் போன காசு இப்போது வீட்டுக்கு மிச்சம். கார் குறைய வேண்டும் என்றால் இந்த மாதிரி பஸ்ஸை இரண்டு மடங்காக்குங்கள். கரண்டா டீசலா என்பதை அப்புறம் பேசலாம்.

மேற்கு_மாம்பலத்தான்:
ஓசி பஸ்ஸால்தான் கூட்டம் தாங்கவில்லை மேடம். காசு கொடுத்துப் போகிற எங்களுக்கு ஏற இடமில்லை. அதனால்தான் ஆண்கள் டூவீலர் வாங்குகிறார்கள்.

தேன்மொழி_அம்பத்தூர்:
ஓசியா? அந்த டிக்கெட் பணத்தை அரசே போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அரசுக்கு வருகிற வரியில் நான் வாங்குகிற சோப்பு, சமையல் எண்ணெய் எல்லாவற்றின் வரியும் இருக்கிறது. ரகு சார் வாங்கிய மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சாலை வரியிலும் விலக்கு. அவரை யாராவது ஓசிக் காரில் போகிறவர் என்று சொன்னீர்களா? பொம்பளை பஸ் ஏறினால் மட்டும் ஓசி.

பல்லவன்_பிரியன்:
தேன்மொழி அக்கா, வச்சு செஞ்சுட்டீங்க.

மேற்கு_மாம்பலத்தான்:
நான் பொதுவாகச் சொன்னேன். உடனே ஆண் பெண் என்று திருப்ப வேண்டாம். தி.நகர் பாண்டி பஜார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் என்று திறந்தார்கள். ரோடு சுருங்கிற்று. கார் குறைந்ததா? எல்லாம் பக்கத்துத் தெருக்களில் வந்து நிற்கிறது. என் உறவினர் ஒருவர் வீட்டு கேட்டைத் திறக்க முடியாமல் தீபாவளி சீசன் முழுக்கச் சண்டை போட்டார்.

பல்லவன்_பிரியன்:
கேட்டை அடைத்தது நடைபாதையா, காரா?

மேற்கு_மாம்பலத்தான்:
நடைபாதை போட்டதால்தானே கார் அங்கே வந்தது!

பல்லவன்_பிரியன்:
அருமை. திருடனைப் பிடித்ததால்தான் திருட்டு நடந்தது என்பீர்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து 570 மீட்டருக்கு ஆகாய நடைபாலம் 2023 மே மாதத்திலேயே திறந்தாயிற்று. ரயிலில் வந்து இறங்கி மேலேயே நடந்து தி.நகர் பஸ் நிலையத்துக்குப் போகலாம். உங்கள் உறவினர் வீட்டு விருந்தாளிகளை அதில் வரச்சொல்லுங்கள்.

கொசஸ்தலை:
நடைபாதையா? உங்களுக்கு நடைபாதை, ஆகாய நடைபாலம், அதில் லிஃப்ட். எங்களுக்குச் சாம்பல் குழாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது மீனவர்கள் கையாலேயே அள்ளினார்கள். அப்போது இங்கே ஒரே ஒரு ஆள் அதைப் பற்றி இழை திறந்தாரா? பாண்டி பஜாரில் பெஞ்சு உடைந்தால் மட்டும் நாற்பது பதிவு.

விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் எங்கிருந்து வருகிறது?

ஓஎம்ஆர்_ரகு:
இதே ஆள்தான் போன தடவை மெட்ரோ இழையிலும் இப்படித்தான் செய்தார். யார் என்ன பேசினாலும் எண்ணூர், எண்ணூர். விம்கோ நகர் வரை 2021-லேயே மெட்ரோ வந்துவிட்டதே, அதற்கு ஒரு நன்றி உண்டா?

கொசஸ்தலை:
விம்கோ நகரோடு நின்றுவிட்டது சார். அதற்கு வடக்கே நாங்கள் இருக்கிறோம். கும்மிடிப்பூண்டி லோக்கலை நம்பித்தான் பிழைப்பு. நிலக்கரி கூட்ஸுக்கு வழிவிட்டு லோக்கல் அத்திப்பட்டு புதுநகரில் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கரிதான் ராத்திரி உங்கள் காரில் ஏறுகிறது. அதற்கும் நன்றி சொல்லவா?

கணக்குப்பிள்ளை:
வடசென்னை நிலையங்களுக்கு வரும் கரியில் பெரும்பங்கு கடல்வழி வருகிறது என்று நீங்களே மேலே சொன்னீர்கள். இப்போது கூட்ஸ் ரயில் என்கிறீர்கள்.

கொசஸ்தலை:
துறைமுகத்திலிருந்து வேறு ஊர்களுக்குக் கரி ரயிலில்தான் போகிறது. உங்கள் பெயரில்தான் கணக்கு இருக்கிறது.

பல்லவன்_பிரியன்:
நண்பர்களே, கொஞ்சம் பஸ்ஸுக்கு வருவோமா? 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் விட்டார்கள். தாழ்தளம். டீசல் பஸ்ஸில் மூன்று படி ஏற மூச்சு வாங்கும் என் அம்மா இதில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். சக்கர நாற்காலி ஏற்றச் சரிவுப் பலகையும் உண்டு. மாதம் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் ஏசி தவிர மற்ற எல்லா பஸ்ஸிலும் போகலாம், 2,000 என்றால் ஏசியிலும். ரகு சார் பார்க்கிங்குக்கும் இன்சூரன்ஸுக்கும் மாதம் எவ்வளவு ஆகிறது என்று சொல்லட்டும்.

கொசஸ்தலை:
அந்த 120 பஸ்ஸுக்கும் கரண்ட் எங்கிருந்து?

பல்லவன்_பிரியன்:
அண்ணே! நான் உங்கள் கட்சி!

கொசஸ்தலை:
கட்சியெல்லாம் தெரியாது தம்பி. ரகுவைக் கேட்ட கேள்வியை உன்னிடமும் கேட்க வேண்டும் அல்லவா? உன் பஸ்ஸும் ராத்திரியில் சார்ஜ் ஏறுகிறது.

பல்லவன்_பிரியன்:
அறுபது பேரைச் சுமக்கிற பஸ்ஸும் ஒரே ஆளைச் சுமக்கிற காரும் ஒன்றா? தலைக்கு எவ்வளவு கரி என்று பாருங்கள். கார் குறைந்தால்தான் உங்கள் ஊர்ச் சாம்பலும் குறையும்.

கொசஸ்தலை:
தலைக்கு எவ்வளவு கரி என்று கேட்கிறாய். எங்கள் தலையில் எவ்வளவு சாம்பல் என்று நான் கேட்கிறேன். தாம்பரத்தில் ஒரு அனல்மின் நிலையம் கட்டட்டும். பெசன்ட் நகரில் கட்டட்டும். எலியட்ஸ் பீச்சில் சாம்பல் குட்டை வெட்டட்டும். அப்புறம் எல்லாரும் பச்சை பிளேட் மாட்டுங்கள், நானே வந்து ஸ்க்ரூ முடுக்கித் தருகிறேன்.

மேற்கு_மாம்பலத்தான்:
மின்சார பஸ் எல்லாம் தனியார் காண்டிராக்ட். டிரைவர் அவர்கள் ஆள், கண்டக்டர் மட்டும் கழகத்து ஆள். கொஞ்ச நாளில் கழகத்தையே விற்றுவிடுவார்கள், பாருங்கள்.

தேன்மொழி_அம்பத்தூர்:
ஓசி பஸ் வேண்டாம் என்றீர்கள். இப்போது தனியாரும் வேண்டாமா? டூவீலரில் போகிறவருக்கு பஸ்மேல் ஏன் இவ்வளவு அக்கறை?

மேற்கு_மாம்பலத்தான்:
1980-களில் பல்லவன் பஸ்ஸில் ஃபுட்போர்டு அடித்துப் படித்தவன் நான். எனக்கு யாரும் பஸ் பற்றிச் சொல்லித்தர வேண்டாம்.

தேன்மொழி_அம்பத்தூர்:
எனக்கு ஃபுட்போர்டு அடிக்கிற பாக்கியம் இல்லை சார். சேலை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் ஆறாயிரத்துக்கு மேல் பஸ். நமக்கு மூவாயிரத்துச் சொச்சம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்ட 2008-ல் வேலை தொடங்கினார்கள். 5 கிலோமீட்டர். நடுவில் அரை கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல் ஒரு தலைமுறைக்கு இழுத்தார்கள். அந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் இரண்டாவது வண்டி வாங்கியிருக்கும்? விவாதம் அங்கே இருக்க வேண்டும்.

ஓஎம்ஆர்_ரகு:
அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். அரசு செய்யாது. தனி மனிதன் செய்ய வேண்டும். நான் செய்துவிட்டேன். பூஜ்யம்.

கொசஸ்தலை:
மறுபடியும் பூஜ்யம்! கணக்குப்பிள்ளை, உங்கள் சிஷ்யர் மறுபடியும் பூஜ்யம் என்கிறார். கேட்டுச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அவர் என் சிஷ்யர் இல்லை. வண்டி ஓடுகிற இடத்தில் வெளிவரும் புகையைச் சொன்னால் பூஜ்யம்தான். டயர், பிரேக் தேய்ந்து வருகிற தூசு தனி. மொத்தச் சுழற்சியைச் சொன்னால் பூஜ்யம் இல்லை.

ஓஎம்ஆர்_ரகு:
பார்த்தீர்களா? பூஜ்யம்தான் என்கிறார்.

கொசஸ்தலை:
பார்த்தீர்களா? பூஜ்யம் இல்லை என்கிறார்.

ஓஎம்ஆர்_ரகு:
இதற்கு மேல் பேசி என் நேரத்தை வீணாக்க மாட்டேன். பேட்டரி பராமரிப்பு பற்றித் தனி இழை திறக்கிறேன். உருப்படியாகப் பேசுகிறவர்கள் அங்கே வரலாம்.

கொசஸ்தலை:
சுட்டி கொடுங்கள் சார், நான்தான் முதல் ஆளாக வருவேன். பேட்டரிக்கு லித்தியம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது.

மேற்கு_மாம்பலத்தான்:
நடைபாலத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?

தேன்மொழி_அம்பத்தூர்:
நீங்கள்தானே சார் பக்கத்தில் இருக்கிறீர்கள்?